புகை எங்கே போகிறது?

மின்சாரக் கார் வாங்கிய மூன்றாம் வாரம், அத்தைக்குக் காட்டுவதற்காக அதை மதுரையிலிருந்து அவர் ஊருக்கு ஓட்டிச் சென்றோம். விருத்தாசலத்தைக் கடந்து நெய்வேலிக்கு முன்பாக, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் சிற்றூர் அது. அத்தை வாசலில் நின்று வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். பின்பக்கம் குனிந்து, வழக்கமாகக் குழாய் இருக்கும் இடத்தைத் தேடினார். பிறகு நிமிர்ந்து, "ஏம்ப்பா, இதுல பொக எங்க போவுது?" என்றார்.

புகையே கிடையாது அத்தை, இது கரண்டில் ஓடுவது என்று பெருமையோடு விளக்கினோம். அத்தை பதில் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமா மட்டும் சிரித்தார். அவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் நெய்வேலிச் சுரங்கத்தில், பெருஞ்சக்கரத்தால் மண்ணை அள்ளும் இயந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சிரிப்பின் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. அந்த வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும்.

நாங்கள் என்பது இருவர். ஒருவருக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் வேலை, மற்றவருக்கு வங்கியில். அத்தை எங்களில் ஒருவருக்கு அப்பாவின் அக்கா. தாயில்லாத அந்தப் பிள்ளையை ஏழு வயதிலிருந்து வளர்த்தவர். இக்கட்டுரையில் யார் எதைச் சொன்னார் என்று பிரித்துக் காட்டப் போவதில்லை. பிரித்தால் பழியையும் பிரிக்க வேண்டிவரும்.

கார் வாங்குவதற்கு முன்பே ஓராண்டுக் காலம் இதைப் பற்றிய வாதம் எங்கள் வீட்டிலும் கல்லூரி ஆசிரியர் அறையிலும் ஓடிக்கொண்டிருந்தது. நடைமுறைக்கு ஒத்துவருமா, நம்பலாமா, உண்மையிலேயே சூழலுக்கு நல்லதா என்பதே எல்லாரும் கேட்டது. இயற்பியல் துறை நண்பர் ஒருவர் மின்வாகனம் ஒரு புதுமையே அல்ல என்பார். அவர் சொன்னது சரிதான். பெட்ரோல் வண்டிக்கும் மின்வண்டிக்குமான போட்டி நூற்றாண்டுப் பழையது. 1899-இலேயே காமில் ஜெனாட்சி என்ற பெல்ஜியக்காரர் மின்வண்டியில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டார். ஊரெல்லாம் பெட்ரோல் கார் விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே 1914-ஆம் ஆண்டின் மின்கார் ஒன்றைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றி உயிர்ப்பிக்கும் தொல்லை அதில் இல்லை. அந்தத் தொல்லையை 1912-இல் சார்லஸ் கெட்டரிங்கின் மின்தொடக்கி நீக்கியது. எண்ணெயும் மலிவாகக் கிடைத்தது. மின்கார் மெல்ல அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. தன்னை வீழ்த்தவிருந்த எஞ்சினுக்கு உயிர்கொடுக்க மின்சாரமே துணைபோனது காவியத்துக்குரிய முரண். ஆனால் அதைச் சொல்லி ஆசிரியர் அறையில் யாரையும் கவர முடியவில்லை.

நம் நாட்டில் 2001-இல் பெங்களூரிலிருந்து 'ரேவா' வந்தது. ஈய மின்கலங்களோடு, 80 கிலோமீட்டர் ஓடும் சிறு பெட்டி. லண்டன் தெருக்களில் அதற்கு ரசிகர்கள் இருந்தார்கள். இங்கே வேடிக்கை பார்த்தவர்களே மிகுதி. லித்தியம் மின்கலம் மலிவாகும்வரை மின்கார் பெரும்பாலோருக்கு எட்டாமலே இருந்தது.

அந்த மின்கலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2019-இல் லித்தியம் மின்கலத்துக்காக வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் ஜான் குடினஃப். அப்போது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் உரையை நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டின் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையில் பயின்று, டெக்ஸாஸ் போனவர். 1980-களில் இவ்விருவரும் இரும்புச் சேர்மங்களைக் கொண்டு செய்த ஆய்வுகளின் வழியில்தான் பின்னர் இரும்பு பாஸ்பேட் மின்கலம் பிறந்தது. எங்கள் காரின் அடியில் கிடப்பது அந்த வகை. அதில் கோபால்ட் இல்லை. உலகக் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவிலிருந்து வருகிறது; அங்கே கைக்கருவிகளோடு குழிக்குள் இறங்குபவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்தப் பாவம் நம் காரில் இல்லை என்று தேறினோம். சட்டைப் பையில் இருக்கும் செல்பேசியின் மின்கலத்தில் கோபால்ட் இருப்பது அன்று நினைவுக்கு வரவில்லை.

எங்களில் கணக்குப் படித்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. எங்கள் கார் கிலோமீட்டருக்கு, ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 0.135 யூனிட் கேட்கிறது. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரிவளி வெளியாகிறது என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் அறிக்கைகள். ஆக, கிலோமீட்டருக்கு 100 கிராம். அதே அளவுள்ள பெட்ரோல் கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தால், குழாய் வழி வருவது மட்டும் 128 கிராம். எண்ணெயைத் தோண்டி, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவந்து சேர்ப்பதையும் கூட்டினால் 150 என்று வைக்கலாம். மிச்சம் 50 கிராம். ஆனால் மின்கலம் செய்யும்போதே ஏறக்குறைய இரண்டு டன் கரிவளி முன்கடனாக நிற்கிறது. கிலோமீட்டருக்கு 50 கிராம் வீதம் அந்தக் கடனை அடைக்க 40,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். எங்கள் ஓட்டத்துக்கு ஐந்தாண்டு. "வீட்டுக் கடனைவிடப் பரவாயில்லை" என்று கணக்கர் தாளை மடித்தார்.

மாமாவின் சிரிப்புக்குப் பொருள் பிறகுதான் கிடைத்தது. நெய்வேலியில் 1957-இல் சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். 1962 முதல் மின்சாரம் வருகிறது. தமிழ்நாட்டின் பல தலைமுறைகள் அந்த வெளிச்சத்தில் படித்தன; நாங்களும்தான். ஆனால் அங்கே கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அதில் ஏறத்தாழப் பாதி ஈரம். எரிகிற வெப்பத்தில் ஒரு பகுதி அந்த ஈரத்தை உலர்த்துவதற்கே போய்விடும். எனவே யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கும் மேல் கரிவளி. மாமா வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மறுபடி பெருக்கிப் பார்த்தோம். முழுக்க முழுக்கப் பழுப்பு நிலக்கரி மின்சாரத்தில் மட்டும் ஓடினால், எங்கள் கார் பெட்ரோல் காருக்கு மேலானது அன்று. சற்றுக் கீழேயே போகலாம். மாமா கணக்கைக் கேட்டுவிட்டு, "தண்ணிய விட்டுட்டியே" என்றார். சுரங்கத்துக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. இரவும் பகலும் அதை இறைத்து வெளியே விட்டுக்கொண்டே இருந்தால்தான் தோண்டவே முடியும். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அவ்வாண்டு, 2023 ஜூலையில், பக்கத்து வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கத்துக்காகக் கால்வாய் வெட்டும் இயந்திரங்கள் விளைந்துகொண்டிருந்த நெல் வயலில் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடு உண்டு என்பது நிறுவனத்தின் பக்கம். அறுவடைவரை பொறுத்திருக்கக் கூடாதா என்பது ஊராரின் பக்கம். உயர்நீதிமன்றமும் வேதனையோடுதான் பேசியது. அத்தை அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல், எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனதாக மாமா சொன்னார். அந்த வீட்டில் நெல்லும் உண்டு, சுரங்க ஓய்வூதியமும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் வாதம் செய்வது எளிதன்று.

நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். எந்த யூனிட் எந்த உலையிலிருந்து வருகிறது என்று பிரிக்க இயலாது. 2013-ஆம் ஆண்டின் கடைசி நாளில் தென்னகத்து மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு ஒன்றாக இணைக்கப்பட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் வருவதில் நெய்வேலியும் இருக்கும், கூடங்குளமும் இருக்கும், ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் இருக்கும், நண்பகலில் கமுதி வெயிலும் இருக்கும். பெட்ரோல் கார் வாங்கிய நாளில் எப்படியோ, விற்கிற நாளிலும் ஏறத்தாழ அப்படியே புகைக்கும். மின்காரோ, ஊர் மின்சாரம் தூய்மையாக ஆக, தானும் தூய்மையாகும். இது மெய்யான வேறுபாடு. நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார். அங்கே மின்சாரம் பெரும்பாலும் அருவியிலிருந்து வருவது. (அதே நார்வே வடகடலில் எண்ணெய் எடுத்து மற்றவர்களுக்கு விற்று வளம் சேர்க்கிறது என்பதையும் சொல்லிவிடுவோம்.) நாங்களோ வேலைக்குப் போய்வந்து இரவில் ஏற்றுகிறவர்கள். இரவில் சூரியன் இல்லை, நிலக்கரிதான் மிகுதி. பகலில் ஏற்றலாமே என்று கல்லூரியில் ஒரு மின்செருகி கேட்டு விண்ணப்பித்தோம். எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் வசூலிப்பது என்ற வினாவோடு அக்கோப்பு இன்றும் ஏதோவொரு மேசையில் இருக்கிறது.

நம்பகத்தைப் பற்றிக் கேட்டால், ஆறு திங்கள் எங்களுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை, கிளட்ச் இல்லை, சத்தமில்லை. வீட்டு மின்கட்டணம் மேல் படிக்கு ஏறிவிட்ட போதிலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயைத் தாண்டவில்லை. பெட்ரோலில் ஐந்தரைக்குக் குறையாது. ஒரு நாள் காலை மட்டும் கதவே திறக்கவில்லை. பெரிய மின்கலத்தில் 80 விழுக்காடு இருக்கிறது. ஆனால் விளக்கையும் பூட்டையும் இயக்குகிற, ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் போடுவது போன்ற ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டது. தெருமுனை மெக்கானிக் வேறொரு பேட்டரியைக் கொண்டுவந்து தொட்டு எழுப்பினார். "யானைக்குக் கொசு கடிச்ச கத சார்" என்றார். விளம்பரத்தில் 300 கிலோமீட்டருக்கு மேல் என்றிருந்தது. நாங்கள் கண்டது 200. அதையும் பழகிக்கொண்டோம். யாராவது கேட்டால் விரிவுரையே ஆற்றினோம். அந்நாளில் எங்களிடம் அகப்பட்டவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்க வேண்டும்.

2024 ஆவணியில் ஒரு வியாழன் இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி வந்தது. அத்தை போய்விட்டார். உறக்கத்திலேயே.

அன்று மாலையிலிருந்து எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. மின்மாற்றியில் பழுது, சரிசெய்துகொண்டிருந்தார்கள். காரில் 38 விழுக்காடு. மாட்டுத்தாவணிக்குப் போய்ச் சென்னைப் பேருந்தில் ஏறினால் விடியுமுன் வேப்பூர்க் கூட்டு ரோட்டில் இறங்கலாம். அங்கிருந்து விருத்தாசலம் பக்கம்தான். எங்களில் ஒருவர் அதைச் சொன்னார். மற்றவர், கார்தான் இருக்கிறதே, துவரங்குறிச்சிப் பக்கம் வேகமாக ஏற்றும் நிலையம் இருக்கிறது, செயலியில் 'தயார்' என்று காட்டுகிறது, ஒரு மணி நேரம் ஏற்றினால் திருச்சியைத் தாண்டிவிடலாம் என்றார். முதலாமவரும் ஒப்புக்கொண்டார். ஓராண்டு பேசிய பேச்சு எங்கள் இருவரையும் காரில் ஏற்றியது.

செயலியில் 'தயார்' என்றிருந்த இயந்திரத்தின் திரை இருண்டு கிடந்தது. உதவி எண்ணில் ஒரு பெண்குரல், நாளைக் காலை ஆள் வருவார் என்றது. எங்களிடம் 7 விழுக்காடு மிச்சம். திருச்சிக்கு இன்னும் அறுபது, எழுபது கிலோமீட்டர். சற்றுத் தள்ளி ஒரு சாலையோர உணவகம். அதன் உரிமையாளர் விவரம் கேட்டுவிட்டு, குளிர்பதனப் பெட்டியின் செருகியைப் பிடுங்கி எங்களுக்குக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்தார். சாவு வீட்டுக்குப் போகிறவர்களிடம் வாங்கக் கூடாதாம். ஆனால் வீட்டுச் செருகியில் ஏறும் மின்சாரம் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். மணிக்குப் பத்து விழுக்காடு.

அந்த வாகனத்துக்கு 'மகிழுந்து' என்று பெயரிட்டவர் யாரோ. வகுப்பில் அச்சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அன்றிரவு அதற்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்து, வடக்கே போகும் பேருந்துகளை எண்ணினோம். முப்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டோம். நான்குவழிச் சாலையில் அந்த வேகத்தில் வருகிறவை கைகாட்டினால் நிற்பதில்லை. ஒருமுறை காட்டிப் பார்த்தோம். ஒவ்வொன்றின் பின்னாலும் கரும்புகை, விளக்கு வெளிச்சத்தில் சுருண்டு போயிற்று.

ஆறு மணிக்குக் கிளம்பி, வேகத்தைக் குறைத்துத் திருச்சிக்கு வந்து சேர ஏழரை. அங்கே இயந்திரம் வேலை செய்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வாடகைக் கார் ஏறிக்கொண்டிருந்தது. அதன் ஓட்டுநரிடம் நிலைமையைச் சொன்னோம். "எனக்கும் எட்டரைக்கு ஏர்போர்ட் சவாரி சார்" என்று கையைப் பிசைந்தார். அவர் மேல் குற்றமில்லை. பெட்ரோல் நிலையத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடம். இங்கே ஒருவருக்கு ஒரு மணி நேரம். ஒரே வரிசைதான், ஆனால் காத்திருப்பு வேறு.

மாமாவை அழைத்தோம். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு இராகு காலம். ஐஸ் பெட்டி இருக்கிறது, பன்னிரண்டுக்கு மேல் எடுக்கலாம் என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்துக்கொண்டால் விறகும் எருமுட்டையும் நனைந்துவிடும், நாளைக்கு என்றால் சனி, ஆகவே பத்தரைக்குள் எடுத்துவிடுவோம் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். "நீங்க பதறாம வாங்க" என்றார் மாமா. அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் உதிரிப் பூக்கள், ஈரம். கூடத்தில் அத்தையைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கு. சுடுகாட்டுக்கு ஓடினோம். மழை வரவேயில்லை. வெட்டியான் தள்ளி நிற்கச் சொன்னார். பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சாம்பல் நிறத்தில் புகை நேராக எழுந்து, சற்று உயரத்தில் கிழக்கே வளைந்து போய்க்கொண்டிருந்தது. ஏழு வயதிலிருந்து வளர்த்தவரின் வாயில் அரிசியிடக்கூட முடியவில்லை. அதற்குமேல் இதைப் பற்றி எழுத வரவில்லை.

அதன்பின் காரை விற்றுவிடலாம் என்று சில நாள் பேசினோம். விற்கவில்லை. விற்றால் வேறொருவர் ஓட்டப் போகிறார்; நாங்கள் பெட்ரோல் வாங்கப் போகிறோம். குற்றம் வண்டியுடையது மட்டுமல்ல. பழைய பெட்ரோல் கார் 2015-இல் ஒரு நள்ளிரவு மேலூர்ச் சாலையில் எங்களை நிறுத்தியதுண்டு. வேறுபாடு என்னவென்றால், அன்று நாங்கள் அதை நம்பிப் பேருந்தை விடவில்லை. அவ்வழி வந்த பேருந்தில் ஏறிப் போய்விட்டோம். ஊருக்குள் ஓட, வேலைக்குப் போய்வர, இதைவிட நல்ல வண்டியை நாங்கள் கண்டதில்லை என்று இன்றும் சொல்வோம். பள்ளிவாசலில் காத்திருக்கும் பிள்ளைகளின் முகத்தில் புகை ஊதாத வண்டி சிறிய காரியமன்று. ஆனால் 'புகையே கிடையாது' என்று சொல்வதை விட்டுவிட்டோம். கேட்பவர்களிடம், எங்கள் தெருவில் கிடையாது என்கிறோம். மேற்கொண்டு கேட்டால் கணக்குத் தாளை எடுத்துக் காட்டுகிறோம். பெரும்பாலும் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. 280 கிலோமீட்டருக்கு ஒரு சாவுச் செய்தி வந்தால், மாட்டுத்தாவணிதான்.

அன்று திரும்பிவர மறுபடி மின்சாரம் வேண்டியிருந்தது. சாவு வீட்டில் எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தோம். இரவு உறவினர்கள் கலைந்தபின் மாமாவே வந்து, "கொண்டா அந்த ஒயர" என்று வாங்கினார். அந்த வீட்டில் கனமான செருகி ஒன்றுதான். கூடத்தில், அத்தையின் மாவரைக்கும் இயந்திரத்துக்காகப் போட்டது. விளக்குக்குப் பக்கத்தில் கம்பியை இழுத்து, சன்னல் வழியே வெளியே விட்டார். உள்ளே விளக்கு எரிந்தது; வெளியே காரின் மூக்கில் பச்சை ஒளி விட்டுவிட்டு மின்னியது. மாடியில் போய் நின்றோம். தொலைவில் புகைபோக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள்.

சனிக்கிழமை பால் தெளித்தார்கள். ஞாயிறு விடியலில் கிளம்பும்போது மாமா கம்பியைக் கழற்றி, சுரங்கத்தில் கேபிள் சுருட்டிய கையால் வட்டம் வட்டமாகச் சுருட்டி, வண்டியின் பின்னால் வைத்தார். "வேப்பூர்ல ஓட்டலுக்குப் பக்கத்துல புதுசா ஒண்ணு வச்சிருக்கானாம், ரெண்டு மிசினு. போறப்ப பாத்து வச்சிக்குங்க" என்றார்.

பார்த்தோம். ஒன்று வேலை செய்தது.